வகுப்பு வலைப்பூவை எங்கே வைப்பது? மலையகப் பாடசாலைகளுக்கு ஓர் ஒப்பீடு

வகுப்புக்கு ஒரு வலைப்பூ தொடங்கலாம் என்று முடிவானதும் ஹோஸ்டிங் (தளத்தை இணையத்தில் வைக்கும் இடம்) பற்றி எழும் முதற் கேள்வி, "எத்தனை ஜிபி கிடைக்கும்?" என்பது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. வாரத்துக்கு இரண்டு பதிவு, பதிவுக்கு ஐந்து படம், படம் ஒன்று 200 கேபி, பாடசாலை நடக்கும் வாரங்கள் நாற்பது என்று வைத்தாலும் வருடத்துக்கு 80 எம்பிதான். தமிழில் ஒவ்வொரு குறியும் யுனிகோட்டில் 3 பைட் எடுக்கும். அப்படியிருந்தும் நான்கு பக்கப் பாடக்குறிப்பு ஒன்று அந்த 200 கேபி படத்தில் கால்வாசிகூட வராது. இலவசமாகக் கிடைக்கும் எந்த இடமும் பல வருடங்களுக்குத் தாங்கும்.

தீர்மானிக்க வேண்டியவை வேறு மூன்று. பிள்ளையின் வீட்டிலிருக்கும் போனில் பக்கம் திறக்குமா? தொடங்கிய ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால் கணக்கு யார் கையில் இருக்கும்? கட்டணம் உண்டென்றால் மூன்றாவது வருடம் அதைக் கட்டுவது யார்? கொழும்பில் வசதியுள்ள பாடசாலைக்கு இவை சில்லறை விஷயங்களாக இருக்கலாம். ஹற்றன், தலவாக்கலை, பதுளை, ஹப்புத்தளை பக்கத்துத் தோட்டப் பாடசாலைக்கு இவைதான் முழு விஷயமும். பெரும்பாலான வகுப்புகளுக்கு ஏற்ற தெரிவை இப்போதே சொல்லிவிடலாம்: கூகுளின் இலவச வலைப்பூச் சேவையான புளொகரில் வலைப்பூ, முடிந்தால் அதற்குப் பாடசாலையின் பெயரில் ஒரு டொமைன் (சொந்த இணைய முகவரிப் பெயர்). யாருக்கு அது பொருந்தாது, ஏன் என்பதைத்தான் விரிவாகப் பார்க்க வேண்டும்.

வாசிக்கிற போனிலிருந்து தொடங்குவோம்

மஸ்கெலியாவில் ஒரு டிவிஷனில் இருக்கும் பிள்ளை வலைப்பூவைப் பெரும்பாலும் கணினியில் வாசிப்பதில்லை. அப்பாவோ அம்மாவோ வேலை முடிந்து வந்தபின் கைக்குக் கிடைக்கும் ஒரே ஸ்மார்ட்போனில், இருட்டிய பிறகு வாசிக்கிறது. அந்தப் போனில் ரீலோட் போட்டு எடுத்திருப்பது வட்ஸ்அப்புக்கும் பேஸ்புக்குக்கும் மட்டும் செல்லுபடியாகும் சமூக ஊடகப் பொதியாக இருக்கலாம். வகுப்புக் குழுவில் வந்த இணைப்பைத் தொட்டவுடன் பிள்ளை அந்தப் பொதிக்கு வெளியே வந்துவிடுகிறது. சாதாரண டேட்டா இருந்தால் அதில் கழியும், இல்லாவிட்டால் பக்கம் திறக்காது. எந்த ஹோஸ்டிங்கை வாங்கினாலும் இது மாறப்போவதில்லை. குறைக்கக் கூடியது பக்கத்தின் பாரம் மட்டுமே.

போன் கமராவில் எடுத்த படம் 3 முதல் 5 எம்பி வரை வரும். அப்படி ஆறு படத்தை அப்படியே ஏற்றினால் பக்கம் 24 எம்பி அளவுக்குப் போய்விடும். சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் பள்ளத்தில் வினாடிக்கு 1 மெகாபிட் கிடைப்பதாகக் கொண்டால், அது முழுதாக இறங்க மூன்று நிமிடத்துக்கு மேல் எடுக்கும். அதே ஆறு படமும் 200 கேபி வீதம் இருந்தால் பத்து வினாடி. இதற்கென்று தனிச் செயலி தேடத் தேவையில்லை. படங்களை வட்ஸ்அப்பில் சாதாரணத் தரத்தில் உங்களுக்கே அனுப்பி, அங்கிருந்து சேமித்து ஏற்றுங்கள். நீளமான பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குக் குறையும். படத்துக்குள் பதிந்திருக்கும் ஜிபிஎஸ் இருப்பிடத் தகவலும் கழன்றுவிடும், பிள்ளைகளின் படத்துக்கு அதுவும் முக்கியம். எச்டி என்ற தெரிவைத் தொட்டால் படம் மறுபடி பெருக்கும். 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பினால் எதுவுமே குறையாது.

புளொகர்

1999 இல் தொடங்கி 2003 இல் கூகுள் வாங்கிய சேவை. பழசு என்று ஒதுக்குவோர் நிறையப் பேர். புதிய வசதிகள் அபூர்வமாகத்தான் வருகின்றன என்பதும் உண்மை. வகுப்புக்கு அந்த அசையாத தன்மையே நல்லது: போன வருடம் கற்றுக்கொடுத்த படிமுறை இந்த வருடமும் அப்படியே இருக்கும். ஜிமெயில் கணக்கு ஒன்று இருந்தால் கால் மணி நேரத்தில் முதற் பதிவைப் போட்டுவிடலாம். நீங்களாகப் போட்டாலன்றி விளம்பரம் வராது. எச்டிடிபிஎஸ் (முகவரிக்கு அருகே பூட்டுக்குறி காட்டும் பாதுகாப்பான இணைப்பு) இலவசம். சாதாரண தரப் பரீட்சைக்கு முதல் வாரம் மாதிரி வினாத்தாளை ஐந்நூறு பேர் ஒரே மாலையில் திறந்தாலும் தளம் படுக்காது. மலிவு ஹோஸ்டிங்கில் இதைச் சொல்ல முடியாது. ஒரு வலைப்பூவில் 100 பேர் வரை எழுத்தாளர்களாகச் சேரலாம். மின்னஞ்சல் வழியாகப் பதிவிடும் வசதியும் உண்டு. அமைப்புகளில் ஓர் இரகசிய முகவரியை உருவாக்கிக்கொண்டால், அந்த முகவரிக்கு அனுப்பும் கடிதம் பதிவாகும். உடனே வெளியாகாமல் வரைவாக நிற்கும்படி அமைத்துவிடுவது நல்லது. முகவரி வெளியே கசிந்தால் யாரும் எழுதலாம்.

சிக்கல் வரும் இடங்கள் இவை.

பிடிஎப் ஏற்ற முடியாது. வினாத்தாள்களைக் கூகுள் டிரைவில் போட்டு, பதிவில் இணைப்புக் கொடுக்க வேண்டும். டிரைவில் புதிய கோப்பு பொதுவாக 'கட்டுப்படுத்தப்பட்டது' என்ற நிலையில்தான் இருக்கும். பகிர்வை 'இணைப்பு உள்ள எவரும்', 'பார்வையாளர்' என்று மாற்ற மறந்தால், பிள்ளைகளுக்குக் கோப்பு திறக்காது, உங்கள் மின்னஞ்சல் பெட்டி அனுமதிக் கோரிக்கைகளால் நிறையும். பாடசாலை டொமைனுக்குரிய கல்விக் கணக்கிலிருந்து பகிரும்போது இன்னொன்றும் நடக்கலாம்: டொமைனுக்கு வெளியே பகிர்வதை நிர்வாகி தடுத்திருந்தால் அந்தத் தெரிவே கண்ணில் படாது.

தமிழ்த் தலைப்பு வைத்தால் பதிவின் முகவரி பயனற்றதாகிவிடும். புளொகர் தமிழ் எழுத்துகளை முகவரியிலிருந்து நீக்கிவிட்டு 'புளொக் போஸ்ட்' என்ற சொல்லையும் ஓர் எண்ணையும் போட்டுவிடுகிறது. நாற்பது பதிவுக்குப் பின் எது எந்தப் பாடம் என்று முகவரியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வெளியிடுவதற்கு முன்னர் வலப்பக்கப் பட்டியலில் பதிவு இணைப்பைத் திறந்து, தரம், பாடம், அலகு என்ற ஒழுங்கில் சின்னதாக ஆங்கில எழுத்தில் தட்டச்சிடுங்கள். வெளியிட்ட பிறகு அது பூட்டப்பட்டுவிடும். மாற்ற வேண்டுமானால் பதிவை மறுபடி வரைவாக்க வேண்டும், அதற்குள் வட்ஸ்அப்பில் போன பழைய இணைப்பு செத்துவிடும்.

தீம் (பக்கத்தின் தோற்ற வார்ப்பு) விஷயத்தில் கட்டுப்பாடு வேண்டும். புளொகரோடு வரும் எளிய தீம்கள் போதுமானவை. வேறெங்கோ இலவசமாக இறக்கிய தீமில் நகரும் படவரிசை, மிதக்கும் பொத்தான்கள், யாரோ ஒருவரின் மறைந்த இணைப்புகள் எல்லாம் சேர்ந்தே வரும். டேட்டாவைக் கட்டுவது பெற்றோர்.

கடைசியாக, தனிப்பட்ட கூகுள் கணக்கை இரண்டு வருடம் யாரும் தொடாவிட்டால் கூகுள் அதை நீக்கலாம். 2023 டிசம்பர் முதல் இந்த விதி நடைமுறையில் இருக்கிறது. கணக்கோடு வலைப்பூவும் போகும். "ஆசிரியர் மாறிப்போனார், யாரும் கவனிக்கவில்லை" என்ற நிலைக்கு இரண்டு வருடம் அப்படியொன்றும் நீண்ட காலமில்லை.

வேர்ட்பிரஸ் டொட் கொம்

புளொகரைப் போன்ற இன்னொரு வலைப்பூச் சேவை. இலவசத் திட்டத்தில் எழுதுபலகை (பதிவை எழுதும் திரை) புளொகரைவிட அழகு, தீம்கள் நேர்த்தி. ஆனால் உங்கள் பக்கத்தில் அவர்கள் விளம்பரம் போடுவார்கள். எது வரும் என்பதில் உங்களுக்குக் கட்டுப்பாடு கிடையாது. இலவச இடம் 1 ஜிபி; அது போதும் என்று மேலேயே பார்த்தோம். பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) நிறுவ முடியாது, சொந்த டொமைனைப் பொருத்தக் கட்டணத் திட்டத்துக்குப் போக வேண்டும். புளொகர் இதே டொமைன் வசதியைச் சும்மா தருகிறது. பத்து வயதுப் பிள்ளை வாசிக்கும் பக்கத்தில் தெரியாத விளம்பரம் வருவது ஒன்றே இதை ஒதுக்கப் போதுமான காரணம். பழைய குறைந்த விலைப் போனில் பத்தி பத்தியாகக் கட்டங்களில் எழுத வேண்டிய அதன் எழுதுபலகை இழுத்து இழுத்து வேலை செய்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சொந்த ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸ்

அதிகம் ஆசை காட்டுவதும் அதிகம் பாதியில் நிற்பதும் இதுதான். வேர்ட்பிரஸ் மென்பொருள் இலவசம். அதை ஓட்ட பிஎச்பி என்ற நிரல்மொழியும் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளமும் உள்ள ஒரு சேவையகத்தில் வாடகைக்கு இடம் எடுக்க வேண்டும். சிபனல் என்ற நிர்வாகத் திரைக்குள் போய் ஒரு பொத்தானை அழுத்தினால் ஐந்து நிமிடத்தில் நிறுவிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் வேலை தொடங்குகிறது.

பணத்திலிருந்து பார்ப்போம். வெளிநாட்டு நிறுவனங்கள் மாதம் 2, 3 டொலர் என்று விளம்பரம் செய்யும். பல வருடங்களுக்கு முற்பணம் கட்டினால்தான் அந்த விலை. புதுப்பிக்கும்போது இரண்டு, மூன்று மடங்காகும். பாடசாலைக்குக் கடனட்டை கிடையாது, ஆகவே ஆசிரியர் தன் அட்டையால் கட்டுவார். சாதாரண டெபிட் அட்டையென்றால் வங்கியில் சொல்லி வெளிநாட்டு இணையக் கொடுப்பனவைத் திறந்துவிட வேண்டும். அட்டை காலாவதியானால் தானியங்கிப் புதுப்பித்தல் தோல்வியடையும், அறிவித்தல் போவது அந்த ஆசிரியரின் மின்னஞ்சலுக்கு. உள்நாட்டு நிறுவனத்தில் எடுத்தால் ரூபாவில் விலை, வங்கி வைப்பு, தமிழிலோ சிங்களத்திலோ தொலைபேசியில் பேசும் ஆள், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கில் காட்டக்கூடிய பற்றுச்சீட்டு எல்லாம் கிடைக்கும். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் பாடசாலைக்கு இதுதான் வசதி. சொல்லும் விலையில் 18 வீத வற் வரி சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் முதலே கேளுங்கள்.

வாங்குமுன் எழுத்தில் பதில் பெற வேண்டியவை: இரண்டாம் வருட விலை என்ன; பிஎச்பி எந்தப் பதிப்பு, 8 இற்கு மேலா; காப்புப் பிரதி எடுப்பது யார், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், திரும்பப் போட்டுத்தரக் காசு கேட்பார்களா; சேவையகம் எந்த நாட்டில்; எத்தனை கோப்புகள் வரை அனுமதி. சேவையகம் சிங்கப்பூரிலோ மும்பையிலோ இருந்தால் நமக்குக் கிட்ட. அமெரிக்காவில் இருந்தால் ஒரு கோரிக்கை போய்த் திரும்பவே கால் வினாடி அளவில் போகும், ஒரு பக்கத்துக்கோ அப்படிப் பல கோரிக்கைகள் வேண்டும்.

கோப்பு எண்ணிக்கையைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வேர்ட்பிரஸ் நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு படத்தையும் 150, 300, 768, 1024, 1536, 2048 பிக்சல் என்று பல அளவில் வெட்டி வைத்துக்கொள்ளும். பெரிய படமொன்றை ஏற்றினால் ஏழெட்டுக் கோப்புகள் விழும். 'வரையறையற்ற இடம்' என்று விற்கும் திட்டங்கள் இந்த எண்ணிக்கையில்தான் கழுத்தைப் பிடிக்கும். முதலே 1200 பிக்சலுக்குக் குறைத்து ஏற்றினால் பெரிய அளவுகள் உருவாவதே இல்லை.

தமிழுக்கென்று இங்கே இரண்டு பொறிகள். வேர்ட்பிரஸ் தமிழ்த் தலைப்பை நீக்காமல் முகவரியிலேயே வைக்கும், ஆனால் சதவீதக் குறிகளாக மாற்றிச் சேமிக்கும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் 9 எழுத்தாக விரியும், இடமோ 200 எழுத்துக்கு மட்டும். ஆக 22 குறிகள். புள்ளியும் கால், கொம்பு, சுழியும் தனித்தனிக் குறியாக எண்ணப்படும் என்பதால் கண்ணுக்கு அது இன்னும் குறைவு. 'தாவரங்களில் ஒளித்தொகுப்பு' என்று தலைப்பு வைத்தால் கடைசிப் 'பு' முகவரியில் இருக்காது. வட்ஸ்அப்பில் ஒட்டும்போது அந்த முகவரி திரை முழுக்கச் சதவீதக் குறியாக நிற்கவும் கூடும். மருந்து புளொகருக்குச் சொன்னதுதான்: முகவரியை நீங்களே ஆங்கில எழுத்தில் சுருக்கமாகக் கொடுங்கள்.

மற்றது தரவுத்தளத்தின் எழுத்துக் குறியீடு. அது யுடிஎப்8எம்பி4 என்று இருக்க வேண்டும். புதிதாக நிறுவினால் அப்படித்தான் அமையும். பழைய தளமொன்றை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது ஏற்றுமதி 'லத்தீன்1' என்ற தமிழ் எழுத்தில்லாத பழைய குறியீட்டில் நடந்துவிட்டால், தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகவோ சிதைந்த எழுத்தாகவோ வரும். கேள்விக்குறியானது திரும்ப வராது. ஆகவே மாற்றிய அன்றே பழைய கணக்கை மூடாமல், ஒரு மாதமாவது இரண்டையும் வைத்திருங்கள்.

பாதுகாப்பும் உங்கள் பொறுப்பு. வேர்ட்பிரஸ் தன் சிறு திருத்தங்களைத் தானே போட்டுக்கொள்ளும். பிளகின்களுக்கும் தீம்களுக்கும் தானியங்கிப் புதுப்பித்தலை நீங்கள்தான் இயக்கிவிட வேண்டும். டிசம்பர் விடுமுறையில் யாரும் பார்க்காமல் கிடந்த வகுப்புத் தளம் ஜனவரியில் சூதாட்ட விளம்பரமாக மாறி நிற்பதற்கு வழக்கமான காரணங்கள்: புதுப்பிக்காத பிளகின், 'அட்மின்' என்ற பயனர் பெயரோடு பாடசாலையின் பெயரையே கடவுச்சொல்லாக வைத்தது, காசுக்கு விற்கும் தீம் ஒன்றைத் திருட்டுத்தனமாக இலவசமாக இறக்கியது. பிளகின் ஐந்துக்கு மேல் வகுப்பு வலைப்பூவுக்குத் தேவைப்படாது.

இத்தனைக்குப் பிறகும் இதை யார் எடுக்கலாம்? உயர் தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் இருக்கும் பாடசாலை. எச்டிஎம்எல், பிஎச்பி, தரவுத்தளம் எல்லாம் அவர்களுடைய பாடத்திட்டத்திலேயே இருப்பவை. அந்த மாணவர்களுக்குச் சிபனலும் பிரதி எடுத்தலும் செய்முறைப் பயிற்சி. வகுப்பு வலைப்பூ அங்கே வழி, கற்பதே நோக்கம். தரம் 5 புலமைப்பரிசில் வகுப்புக்குக் குறிப்பு ஏற்ற மட்டும் என்றால் இந்தப் பாடு வேண்டாம்.

மற்றவை சுருக்கமாக

கூகுள் சைட்ஸ் அழகானது, இலவசம், இழுத்துப் போட்டுக் கட்டலாம். ஆனால் அது வலைப்பூ அல்ல. திகதி வரிசை, கருத்துப் பகுதி, பழைய பதிவுக் களஞ்சியம் எதுவுமில்லை. நேரசூசி, கடந்தகால வினாத்தாள் தொகுப்பு போன்று அடிக்கடி மாறாதவற்றுக்கு நல்ல இடம். பாடசாலை ஏற்கனவே கூகுள் கிளாஸ்ரூம் பாவிக்கிறதென்றால் இரண்டும் ஒத்துப்போகும்.

கிட்ஹப் பேஜஸ் (நிரல் கோப்புகளைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தின் இலவச ஹோஸ்டிங்) வெறும் எச்டிஎம்எல் பக்கங்களைத் தருவதால் எல்லாவற்றிலும் பாரம் குறைந்தது, ஊடுருவித் திருடவும் உள்ளே ஒன்றுமில்லை. தளம் 1 ஜிபிக்குள், மாதப் போக்குவரத்து 100 ஜிபி அளவுக்குள் இருக்க வேண்டும், வகுப்புக்குத் தாராளம். இலவசக் கணக்கில் மூலக் கோப்புகள் எல்லாருக்கும் தெரியும், வரைவு உட்பட. கணக்குத் திறக்க 13 வயது ஆகியிருக்க வேண்டும். ஜெகில் (பதிவுகளை எச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றும் கருவி) பாவித்தால் கோப்பின் பெயரே திகதியில் தொடங்க வேண்டும். அங்கே கடிகாரம் உலக நேரத்தில் ஓடுவதால், இன்றைய திகதியிட்டு விடியற்காலை 5.30 இற்கு முன்னர் ஏற்றிய பதிவு 'எதிர்காலத்தது' என்று மறைக்கப்பட்டுவிடும். பனிக்குளிரில் எழும்பி வேலை பார்க்கும் ஆசிரியருக்கு இது வீண் தலையிடி. அடுத்த முறை ஏதாவது ஏற்றும்போது தானாகத் தெரியவரும்.

பேஸ்புக் பக்கம் சமூக ஊடகப் பொதியிலேயே திறக்கும். அதுதான் அதன் ஒரே பலம், அது சின்னப் பலமுமல்ல. அறிவித்தலுக்கு அதைப் பாவியுங்கள். பாடக்குறிப்பை அங்கே போட்டால் சென்ற தவணையில் போட்டதை எடுக்க விரலால் தள்ளிக்கொண்டே போக வேண்டும்.

கணினி அறையிலுள்ள ஒரு கணினியையே சேவையகமாக்கும் யோசனை அவ்வப்போது வரும். வேண்டாம். 4ஜி ரூட்டர்களுக்குப் பெரும்பாலும் வெளியிலிருந்து எட்டக்கூடிய சொந்த ஐபி முகவரி கிடைப்பதில்லை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி மின்னல் தொடங்கினால் எல்லா வயரையும் கழற்றுவதுதான் பாடசாலை வழக்கம், அது சரியான வழக்கமும்கூட.

பெயரைச் சொந்தமாக்குங்கள், இடத்தை அல்ல

ஜியோசிட்டீஸ் 2009 இல் மூடப்பட்டது. ஆசிரியர்கள் விரும்பிப் பாவித்த விக்கிஸ்பேசஸ் 2018 இல் வகுப்புத் தளங்களை நிறுத்தியது. இலவச இடம் எதுவும் நிரந்தரமில்லை. இடம் மாறினாலும் முகவரி மாறாமலிருக்க வழி, டொமைனை மட்டும் தனியே வாங்கி வைப்பது. கொப்பியின் பின்னட்டையிலும் வகுப்பறைச் சுவரிலும் எழுதிய முகவரி பத்து வருடம் கழித்தும் வேலை செய்யும்.

டொட் கொம் பெயர் ஒன்று வருடத்துக்கு 10 முதல் 15 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 3,000 முதல் 4,500 ரூபா. இலங்கையின் டொட் எல்கே பெயர்களில் பாடசாலைகளுக்கென்றே எஸ்சிஎச் டொட் எல்கே என்ற பிரிவு இருக்கிறது. அது ஆசிரியரின் பெயரில் அல்லாமல் பாடசாலையின் பெயரில் நிற்பதால் இடமாற்றப் பிரச்சினைக்கு நேரடி விடை. 2010 முதல் டொட் இலங்கை என்று முழுக்கத் தமிழிலும் முகவரி எடுக்கலாம். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் தமிழ் முகவரியைச் சில செயலிகளும் இணையப் படிவங்களும் இன்னும் சரியாக ஏற்பதில்லை. இரண்டாவது பெயராக வைத்துக்கொள்ளலாம்.

புளொகரோடு பொருத்துவது இப்படி. புளொகர் அமைப்புகளில் தனிப்பயன் டொமைனை டபிள்யூ மூன்றும் சேர்த்துத் தட்டச்சிட்டால் பிழைச் செய்தியோடு இரண்டு சிநேம் வரிகள் (டொமைனில் சேர்க்க வேண்டிய இணைப்பு வரிகள்) காட்டும். அந்தப் பிழைச் செய்தியைக் கண்டு பயப்பட வேண்டாம், உரிமையை உறுதிப்படுத்தச் சொல்கிறது, அவ்வளவுதான். இரண்டையும் டொமைன் வாங்கிய இடத்தின் டிஎன்எஸ் பக்கத்தில் (பெயர் எந்த இடத்துக்குப் போகும் என்பதை அமைக்கும் பக்கம்) அப்படியே சேருங்கள். டபிள்யூ இல்லாமல் தட்டச்சிடுவோருக்காக நான்கு ஏ ரெக்கோர்ட் (பெயரை ஐபி எண்ணோடு இணைக்கும் வரிகள்): 216.239.32.21, 216.239.34.21, 216.239.36.21, 216.239.38.21. ஒரு மணி நேரம் கழித்துப் புளொகரில் மறுபடி சேமித்து, எச்டிடிபிஎஸ்ஸை இயக்குங்கள். பூட்டுக்குறி வர ஒரு நாள்வரை போகலாம். முதல் நாளில் 'பாதுகாப்பற்றது' என்று காட்டுவதால் அன்றே பெற்றோருக்கு இணைப்பு அனுப்பாமலிருப்பது நல்லது.

புதுப்பிக்க மறந்தால் டொட் கொம் பெயர் அன்றே போய்விடாது. சில வாரச் சலுகைக் காலம், பிறகு அதிகக் கட்டணத்தோடு மீட்க 30 நாள், கடைசியாக 5 நாள் என்று படிப்படியாகக் கைவிட்டுப் போகும். சலுகைக் காலத்தின் நீளம் விற்பவரைப் பொறுத்தது. போனபின் அதை வாங்குவோர் பெரும்பாலும் விளம்பர வியாபாரிகள். பாடசாலையின் பெயரில் அவர்கள் என்ன போடுவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை.

கணக்கு யாருடையது

ஆசிரியரின் சொந்த ஜிமெயிலில் வலைப்பூ தொடங்காதீர்கள். பாடசாலைக்கென்று ஒரு கணக்குத் திறந்து, மீட்புத் தொலைபேசியாக அலுவலக எண்ணையோ அதிபர் குறிக்கும் எண்ணையோ கொடுங்கள். இரட்டைச் சரிபார்ப்பை இயக்கியபின் கூகுள் தரும் 10 மாற்றுக் குறியீடுகளை அச்செடுத்து, உறையிலிட்டு, அதிபரின் அலுமாரியில் வையுங்கள். இப்படிச் செய்ததைச் சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் இரண்டு வரியில் குறித்தால் அடுத்து வருபவர் தேடத் தேவையில்லை. எழுதும் ஆசிரியர்களை அவரவர் கணக்கால் அழைத்து, ஒருவரை மட்டும் இரண்டாவது நிர்வாகியாக்குங்கள். அழைப்பைப் பெற்றவர் மின்னஞ்சலில் ஏற்றுக்கொள்ளும்வரை எழுத்தாளராகவே தெரியமாட்டார். ஏற்றபின்தான் நிர்வாகியாக மாற்றலாம்.

பிள்ளைகளை எழுத்தாளராகச் சேர்ப்பது பற்றி: 13 வயதுக்குக் குறைந்தவர்கள் தாமாகக் கூகுள் கணக்கு வைத்திருக்க முடியாது. தரம் 8 வரை அவர்கள் கொப்பியில் எழுதட்டும், ஆசிரியர் ஏற்றட்டும். முகம் தெரியும் படத்தின் கீழ் முழுப்பெயரும் தோட்டத்தின் பெயரும் சேர்ந்து வரக்கூடாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிற நாட்டில், வருட ஆரம்பப் பெற்றோர் கூட்டத்திலேயே எழுத்தில் சம்மதம் வாங்கி வைப்பது அதிபருக்கும் நிம்மதி. கருத்துப் பகுதியை மட்டறுத்தலில் (நீங்கள் பார்த்து அனுமதித்த பின்பே வெளியாகும்படி) வையுங்கள், அல்லது மூடிவிடுங்கள்.

பாமினிக் கோப்புகள்

எந்த ஹோஸ்டிங்கும் தீர்க்காத சிக்கல் இது. நம் பாடசாலைகளில் பல வருடமாகச் சேர்ந்த வினாத்தாள்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. அது யுனிகோட் அல்ல, ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவம் போர்த்தியது. வேர்ட் கோப்பிலிருந்து நகலெடுத்து வலைப்பூவில் ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துச் சரமாக வரும். பாமினியை யுனிகோட்டாக மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் உள்ளன. மாற்றியபின் எண்களையும் கேள்விக்குறி, அடைப்புக்குறி போன்றவற்றையும் ஒருமுறை பாருங்கள். ஆங்கிலச் சொல் இடையில் கலந்த வாக்கியத்தில் அந்தச் சொல்லும் 'தமிழாகி' உளறலாக நிற்கும், அறிவியல் தாள்களில் அலகுக் குறியீடுகள் இப்படித்தான் கெடுகின்றன. நேரமில்லாவிட்டால் பிடிஎப் ஆக்கி டிரைவில் போடலாம். வாசிக்க முடியும், ஆனால் கூகுள் தேடலில் அந்தத் தமிழ் அகப்படாது.

பிரதி

காப்புப் பிரதி எடுப்பது தவணைக்கு ஒருமுறை, வருடத்துக்கு மூன்று. புளொகரில் அமைப்புகளுக்குள் 'உள்ளடக்கத்தைக் காப்புப் பிரதி எடு' என்பதை அழுத்திப் பதிவுகளின் கோப்பை இறக்கிக்கொள்ளலாம். அதில் எழுத்தும் கருத்துகளும் மட்டும்தான், படங்கள் இல்லை. ஏற்றுமுன் சுருக்கிய படங்களைத் தவணை வாரியாக ஒரு கோப்புறையில் வைத்திருந்தால் அதுவே படங்களின் பிரதி. இரண்டையும் பென் டிரைவ் ஒன்றில் போட்டுக் குறியீட்டு உறையோடு சேர்த்து வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது அந்தக் கோப்பை வேறொரு சோதனை வலைப்பூவில் இறக்குமதி செய்து தமிழ் சரியாக வருகிறதா என்று பாருங்கள். அந்தச் சோதனை வலைப்பூவை எழுத்தாளர்கள் மட்டும் பார்க்கும்படி தனிப்பட்டதாக வைத்திருங்கள். இல்லாவிட்டால் ஒரே பாடம் இரண்டு முகவரியில் தேடலில் வந்து, பிள்ளைகள் பழைய பிரதியில் போய் வீட்டுவேலையைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.